காயாத கறுப்பு, உதிர்ந்த வெள்ளை: ஏற்காட்டுக்குப் போன ஒரு கேன்வாஸ்

2023 அக்டோபர் கடைசி வாரத்தில் ஏற்காட்டிலிருந்து ஒரு போன். "தம்பி, நீங்க வரைஞ்சு குடுத்த படத்துல பூவெல்லாம் கொட்டுது, ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றார் அந்த அக்கா. குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காபித் தோட்டத்துக்கு நடுவே நாலு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறவர் அவர். அந்த வீட்டு முன் ஹாலுக்காக, நாலடிக்கு மூன்றடி கேன்வாஸில், காபி பூத்திருக்கும் ஒரு மலைச்சரிவை வரைந்து கொடுத்து மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையிலேயே சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து வண்டியை எடுத்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிக்கிறவரை மனதில் ஓடியது ஒன்றுதான்: எந்தப் பூ, எந்த இடத்தில், எதனால்?

அந்தப் படம் தண்ணீரில் கலக்கும் ஆயில் பெயின்ட்டில் வரைந்தது. அதில் என்ன தப்பு நடந்தது, காரணத்தை எப்படிக் கண்டுபிடித்தேன், அப்புறம் என்ன செய்தேன் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். இந்த வண்ணத்தைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் "தண்ணி தொட்டு வரையலாம், ரொம்ப ஈஸி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நானும் அந்த ஒரு வரியை நம்பித்தான் இறங்கினேன்.

எதற்காக இந்த வண்ணம்

எங்கள் வீடு மாடியில் இரண்டே அறை. அம்மாவுக்கு வீசிங் உண்டு. ஆயில் பெயின்ட்டைக் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலைத் திறந்தால் அடுத்த அறையில் இருமல் தொடங்கிவிடும், இரவு முழுக்க அடங்காது. அதனால் ஆயில் பெயின்ட்டை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆறு வருஷம் அக்ரிலிக்கிலேயே ஓட்டினேன். அக்ரிலிக் நல்ல வண்ணம்தான், ஆனால் சேலத்து ஏப்ரல் வெயிலில் பேலட்டில் பிதுக்கி வைத்துத் திரும்புவதற்குள் தோல் கட்டிவிடும். வானத்துக்கும் மலைக்கும் நடுவில் உள்ள அந்த மங்கலான ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கரைக்கிற சுகம் ஆயிலில் மட்டும்தான் உண்டு. அந்த ஏக்கத்தில் இருந்தபோதுதான் இந்த டியூப்கள் கைக்கு வந்தன.

இது புது வண்ணம் ஒன்றும் இல்லை, 1990களிலேயே கடைக்கு வந்துவிட்டது. வின்சர் அண்ட் நியூட்டனின் ஆர்ட்டிசான், டாலன்ஸின் கோப்ரா, ஹோல்பைனின் டுவோ அக்வா என்று பல கம்பெனிகள் செய்கின்றன. உள்ளே இருப்பது வழக்கமான ஆயில் பெயின்ட்டின் சரக்குதான்: வண்ணத் தூள், ஆளிவிதை எண்ணெய் போன்ற காயும் எண்ணெய். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அந்த எண்ணெயைத் தண்ணீரோடு சேரும்படி மாற்றியிருப்பார்கள், இல்லாவிட்டால் எண்ணெயையும் தண்ணீரையும் கைகோத்து நிறுத்துகிற ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். சோப்பு எப்படி எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு இழுத்துப் போகிறதோ, கிட்டத்தட்ட அந்த வேலை. டர்பன்டைன் வேண்டாம், பிரஷ்ஷைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவலாம், அவ்வளவுதான் மாற்றம்.

ஆனால் காய்வது தண்ணீர் வண்ணம் மாதிரி இல்லை. கலந்த தண்ணீர் முதலில் ஆவியாகிப் போகும், அது சில மணி நேர வேலை. அதற்குப் பிறகு மிஞ்சுகிற எண்ணெய், காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து, தனக்குள் பின்னிப் பிணைந்து, கெட்டித் தோலாக மாறும். அது நாள் கணக்கு, தடிமனாகப் பூசியிருந்தால் மாதக் கணக்கு. இந்த இரண்டு கட்டத்தையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். படத்தின் பாதிச் சிக்கல் அந்தக் குழப்பத்தில் வந்தது.

ஹாலில் பார்த்தது

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி வெராண்டாவில் மேஜை மேல் படுக்கப் போட்டுப் பார்த்தேன். ஒரே நோய் என்று நினைத்துப் போனவனுக்கு அங்கே மூன்று நோய் தெரிந்தது.

மேலே, மூடுபனி. சாம்பலும் நீலமும் கலந்து மெல்லியதாகப் பூசிய பகுதி. அது மங்கி, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரிப் பளபளப்பில்லாமல் கிடந்தது. காய்ந்த பஞ்சைச் சுற்றிய குச்சியால் மெல்ல ஒற்றினேன், தேய்க்கக்கூட இல்லை, பஞ்சில் சாம்பல் நிறம் வந்துவிட்டது. சுட்டு விரலை வைத்துப் பார்த்தால் ரேகைக்குள் மாவு மாதிரி வண்ணத் தூள். தூசி தட்டும்போது துணியில் நிறம் ஒட்டியதை அக்கா முன்பே கவனித்திருந்தார், பனிதானே என்று விட்டுவிட்டாராம்.

நடுவில், பூ. காபி பூத்தால் கொம்பை ஒட்டிக் கொத்துக் கொத்தாக வெள்ளையாக நிற்கும், மல்லிகை மாதிரி மணம், இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி முடிந்துவிடும். கோடை மழை ஒன்று விழுந்தால் பத்து நாளுக்குள் அந்தச் சரிவு முழுக்க வெண்மை ஏறுவதை நேரில் பார்த்துவிட்டுத்தான் வரைய உட்கார்ந்தேன், அதனால் பூவைத் தடிமனாக, ஒவ்வொரு இதழும் எழுந்து நிற்கிறபடி வைத்திருந்தேன். அந்த இதழ்கள்தான் கழன்று விழுந்துகொண்டிருந்தன. சட்டத்தின் கீழ்ப் பள்ளத்தில் விழுந்து கிடந்த ஒரு செதிலை, அரை அரிசி அளவு இருக்கும், எடுத்துக் கறுப்புக் காகிதத்தில் கவிழ்த்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். அதன் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. ஓரமாக ஊசி குத்தினாற்போல் நாலைந்து பொடிப் பொடி ஓட்டைகள். கீழே இருந்த இருட்டுப் பச்சையில் துளியும் அதோடு வரவில்லை. அந்த வெள்ளை கீழ்ப்பூச்சைப் பற்றிக்கொள்ளவே இல்லை என்பது அந்த வழவழப்பிலேயே தெரிந்துவிட்டது.

கீழே, நிழல். காபிச் செடிகளுக்கு அடியில் உள்ள இருட்டு. அது இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. மூன்றரை மாதம்! விரல் நுனியை வைத்து எடுத்தால் 'ச்' என்று மெல்லிய சத்தத்தோடு பிரிந்தது. தூசியும் பஞ்சு இழையும் ஒட்டி, ஒரு மூலையில் ஈசல் இறகு ஒன்று பதிந்து, இருட்டே பழுப்பாகத் தெரிந்தது.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் எனக்கு நல்ல காலமாக அமைந்தது. படத்தில் நாலு சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறும் மிளகுக் கொடி. அந்த மரத் தண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கெட்டியாக, நல்ல மினுமினுப்போடு, நகத்தால் அழுத்தினாலும் அசையாமல் இருந்தன. அதே டியூப்கள், அதே கேன்வாஸ், அதே சுவர்.

முதலில் யார் மேல் சந்தேகம்

திரும்பி வரும்போது எனக்கு வண்ணத்தின் மேல்தான் கோபம். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதைச் சேர்த்து வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று பழகிய ஓவியர்கள் இரண்டு பேர் சொல்லவும் செய்தார்கள். ஆனால் அந்த சில்வர் ஓக் தண்டுகள் அந்தப் பேச்சை ஒத்துக்கொள்ளவில்லை. வண்ணமே குறை என்றால் தண்டும் உதிர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து எங்கள் போர் தண்ணீர் மேல் சந்தேகம். உப்புத் தண்ணீர், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஒரு அட்டையில் போர் தண்ணீரும் வடிகட்டிய குடிதண்ணீருமாக அதே வண்ணத்தைக் கலந்து பக்கத்தில் பக்கத்தில் பூசிப் பார்த்தேன், இரண்டு வாரத்தில் என் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. அந்தச் சந்தேகத்தை அங்கேயே விட்டேன்.

வழி திறந்தது சேலத்தில் குகை என்கிற பகுதியில் இருக்கும் ஒரு அண்ணனால்தான். சினிமா பேனர் வரைந்தவர். தியேட்டர் வாசலில் முப்பதடி உயரத்துக்கு முகம் வரைந்த கை அது. டிஜிட்டல் பேனர் வந்த பிறகு வேலையை விட்டுவிட்டார். என் போனில் இருந்த படங்களைப் பெரிசு பண்ணிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே, "கறுப்பு எதுல போட்ட?" என்றார்.

"ஐவரி பிளாக்கும் அலிசரினும் கலந்துண்ணா, கொஞ்சம் லின்சீட் ஆயிலும் விட்டேன்."

"அடப் பாவி. கறுப்பு ஏற்கெனவே எண்ணெயக் குடிச்சிட்டுதான் உக்காந்திருக்கும், அதுக்கு மேல எண்ணெயும் விட்டா எப்படிக் காயும்? நாங்க பேனர்ல கறுப்புக்கு ட்ரையர் மருந்து போடாம பிரஷ்ஷே எடுக்க மாட்டோம். அம்பர் போட்டிருந்தியானா ஒரு வாரத்துல கல்லாயிருக்கும்."

வேறெதுவும் விளக்கவில்லை, டீ சொன்னார். ஆனால் அவர் சொன்னதில் எல்லாம் இருந்தது. ஆயிலில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வேகத்தில் காயும். அம்பர் என்கிற பழுப்பு நிறத்தில் மாங்கனீஸ் இருக்கிறது, எண்ணெய் ஆக்சிஜனை இழுப்பதை அது முடுக்கிவிடும். ஐவரி பிளாக், அலிசரின் என்கிற அடர் சிவப்பு இரண்டுமே மெதுவாகக் காய்பவை என்று பேர் எடுத்தவை. இதெல்லாம் காலேஜ் நாளிலேயே எனக்குத் தெரிந்த பாடம். டியூப்பில் தண்ணீர்ச் சொட்டுப் படம் போட்டிருந்ததைப் பார்த்ததும் அந்தப் பாடம் இதற்குப் பொருந்தாது என்று நானே முடிவு கட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து, வரைந்த நாட்களில் போனில் எடுத்த படங்களைத் தேதி வாரியாகப் புரட்டினேன். ஒரு படத்தில் பேலட் பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டில் நிற்கிறது. அக்ரிலிக் பழக்கம் அது, வண்ணம் காயாமல் இருக்க அடிக்கடி தண்ணீர் தெளிப்பேன். ஆயில் ஒரு நாளானாலும் பேலட்டில் காயாது, அதற்குப் போய் நான் தெளித்திருக்கிறேன். இன்னொரு படத்தில் பிரஷ் தண்ணீர் டப்பாவிலிருந்து நேரே வண்ணத்துக்குப் போகிறது, நடுவில் துணியே இல்லை. பிரஷ் முடி தகரத்துக்குள் நுழைகிற இடத்தில், அதன் வயிற்றில், ஒரு டீஸ்பூனில் பாதி தண்ணீராவது ஒளிந்து நிற்கும் பெரிய பிரஷ் அது. அழுத்தும்போதெல்லாம் அந்தத் தண்ணீர் வண்ணத்துக்குள் இறங்கும். நான் அளந்து கலந்த தண்ணீரைவிட அளக்காமல் போன தண்ணீர்தான் அதிகம்.

சில்வர் ஓக் வரைந்த நாளின் படமும் இருந்தது. அன்றைக்குப் பிரஷ்ஷே தொடவில்லை. பேலட் கத்தியில் டியூப்பிலிருந்து எடுத்தபடியே இழுத்துவிட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு துண்டுப் பலகை

ஊகத்தோடு நிறுத்த மனம் வரவில்லை. ஹார்ட்போர்டை உள்ளங்கை அளவுக்கு வெட்டிப் பன்னிரண்டு துண்டு எடுத்தேன். ஆறு ஆறாக இரண்டு செட், எல்லாம் ஒரே நாளில் பூசியது. ஒரு செட் சேலத்தில் என் ஜன்னலோரம், இன்னொன்று ஏற்காட்டில் அதே ஹாலில் அதே சுவருக்குக் கீழே. நவம்பர் மாசம், மேலே மழையும் பனியும். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம், மத்தியானம் மூணு மணிக்கே ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. படம் மாட்டியிருந்த ஜூலையும் அங்கே அப்படித்தான் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா ஒவ்வொரு பலகையின் ஓரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்து வாய்ஸ் மெசேஜ் போடுவார். "நாலாம் நம்பர் இன்னும் பிசுக்குனுதான் இருக்கு தம்பி, மத்ததெல்லாம் தேவலாம்." அவர் செய்த இந்த உதவிக்கு நான் என்ன சொன்னாலும் போதாது.

டியூப்பிலிருந்து எடுத்தபடி தண்ணீரே இல்லாமல் பூசியதும், பிரஷ் நுனியை நனைத்துத் துணியில் ஒற்றிய ஈரத்தோடு பூசியதும் இரண்டு ஊரிலும் நன்றாகக் காய்ந்தன. ஏற்காட்டில் மூன்று நான்கு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டது, அவ்வளவே. அம்பரும் அல்ட்ராமரின் நீலமும் கலந்த இருட்டு, சேலத்தில் நாலாவது நாள் விரலில் ஒட்டவில்லை, ஏற்காட்டில் ஒரு வாரம். ஐவரி பிளாக்கும் அலிசரினும் எண்ணெயும் சேர்ந்த நாலாம் நம்பர் சேலத்திலேயே மூன்று வாரம் இழுத்தது, மலையில் ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையும் விரல் ரேகை பதிந்தது. குளிரும் ஈரமும் ஆயில் காய்வதை மெதுவாக்கும். அந்த ஹால் இருட்டான ஹால் வேறு, வெளிச்சமும் காற்றும் குறைவு.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த இரண்டு பலகைகள்: ஒன்றில் அடிப்பூச்சு கடை ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு), இன்னொன்றில் படத்துக்குப் போட்டது போல் நான் வீட்டில் செய்தது. கலக்கும்போதே ஒரு விநோதம் நடக்கும், கவனித்துப் பாருங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டதும் வண்ணம் இளகுவதற்குப் பதிலாக முதலில் பிடிவாதமாக இறுகி, பிசின் மாதிரி இழுக்கும். இன்னும் விட்டால் சட்டென்று உடைந்து மோர் மாதிரி ஆகிவிடும். நிறமும் வெளுக்கும், ஏனென்றால் எண்ணெய்க்குள் மாட்டிய பொடித் துளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, பால் வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். தண்ணீர் போனதும் நிறம் மறுபடி அடர்ந்துவிடும். பனிக்கு நான் கலந்த சாம்பல் மறுநாள் ஏன் ஒரு படி இருட்டாகத் தெரிந்தது, அதன் மேல் ஏன் மறுபடி மறுபடி வெளுப்பாகப் பூசினேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்த இரண்டு பலகையும் மற்ற எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் காய்ந்தன. காய்ந்தது என்று நான் ஏமாந்தேன். மூன்றாம் வாரம் பஞ்சால் ஒற்றினால் கடையில் வாங்கிய ஜெஸ்ஸோ பூசிய பலகையில் லேசாக நிறம் வந்தது. நான் வீட்டில் செய்த பூச்சின் மேல் போட்டதில் பஞ்சே சாம்பலாகிவிட்டது. தூளைப் பிடித்து வைக்க எண்ணெய் போதவில்லை. தண்ணீர் வண்ணத்தை மெல்லியதாகப் பரப்பிவிட்டுப் போய்விட்டது, இருந்த கொஞ்ச எண்ணெயையும் அடிப்பூச்சு உறிஞ்சிவிட்டது.

அந்த அடிப்பூச்சைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். பெரிய கேன்வாஸ், ஜெஸ்ஸோ விலை அதிகம், அதனால் சாக் பவுடர், வெள்ளைப் பசை, கொஞ்சம் வெள்ளைப் பெயின்ட் கலந்து நானே பூசினேன். அக்ரிலிக்குக்கு அது வருஷக்கணக்கில் கை கொடுத்திருக்கிறது. இந்த முறை சாக் பவுடர் அளவு கூடிப்போய், ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் பிளாட்டிங் பேப்பர் மாதிரி இழுக்கிற பூச்சாகிவிட்டது.

மூன்று நோய்க்கும் மூன்று காரணம்

பனி உதிர்ந்தது தண்ணீர் கூடியதாலும் அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சியதாலும். நிழல் காயாதது மெதுவாகக் காயும் நிறங்களோடு எண்ணெயும் சேர்த்துத் தடிமனாகப் பூசி, வெளிச்சமில்லாத ஈரமான ஹாலில் மாட்டியதால்.

பூ கழன்றதில் இந்த இரண்டும் சந்தித்துக்கொண்டன. பூவுக்குக் கீழே இருந்தது எண்ணெய் மினுங்குகிற, உள்ளே காயாத இருட்டு. அதன் மேல் நான் வைத்தது ஸ்ப்ரே தண்ணீர் குடித்த வெள்ளை. தாமரை இலைத் தண்ணீர்தான், வேறென்ன. அது பரவிப் பிடிக்காமல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, உள்ளே மாட்டிய தண்ணீர் வெளியேறிய வழிதான் அந்த ஊசி ஓட்டைகள் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு மேல் பூச்சு முந்திக் காய்ந்து இறுக, அடிப்பூச்சு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. மெலிந்த பூச்சின் மேல்தான் எண்ணெய் கூடிய பூச்சு வரவேண்டும், சீக்கிரம் காய்வதன் மேல்தான் மெதுவாகக் காய்வது வரவேண்டும் என்பது ஆயிலின் பழைய சட்டம். தண்ணீரில் கலந்தாலும் இது ஆயில்தான், அதே சட்டம்தான். நான் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். அந்த வெள்ளை டியூப்பின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தபோது டைட்டானியத்தோடு ஜிங்க்கும் இருந்தது. ஜிங்க் வெள்ளை எண்ணெயில் போகப் போக நொறுங்குகிற தன்மை உடையது. மூன்று மாதத்தில் நடந்ததற்கு அதைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஆனால் தடிமனாகப் பூசுகிற இடத்தில் அதை இனி வைக்க மாட்டேன்.

பழுது பார்க்கவில்லை, மறுபடி வரைந்தேன்

பனியைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அடிப்பூச்சே சரியில்லாதபோது மேலே என்ன செய்தாலும் மணல் மேல் சுவர் வைப்பதுதான். எண்ணெய் பட்ட இடத்தின் மேல் ஜெஸ்ஸோவும் பூசக்கூடாது, அது பிடிக்காது. "அக்கா, புதுசா வரைஞ்சு தர்றேன், கூலி வேணாம்" என்றேன். கேன்வாஸ் காசையாவது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதமாகக் கையில் திணித்தார்.

2024 ஜனவரியில் ஆரம்பித்தேன். கடை ஜெஸ்ஸோ மூன்று கோட், ஒவ்வொன்றும் காய்ந்தபின் மெல்ல உப்புத்தாள் போட்டது. மலையின் வெளிக்கோடும் பெரிய நிழல்களும் அக்ரிலிக்கில் மெல்லியதாக. அக்ரிலிக்கின் மேல் ஆயில் போகலாம், ஆயிலின் மேல் அக்ரிலிக் போகக்கூடாது. பனிக்கு இந்த முறை தண்ணீரை நம்பவில்லை. வெள்ளையையும் சாம்பலையும் டியூப் கெட்டியிலேயே கலந்து, அகலமான காய்ந்த பிரஷ்ஷால் மிக மெல்லியதாகத் தேய்த்துத் தேய்த்துப் பரப்பினேன். கை வலித்தது, ஆனால் சேர்வராயன் கோயில் பக்கம் விடியற்காலையில் இறங்கும் பனி அப்படித்தான் இருக்கும், ஊற்றியது போல் இல்லாமல் தேய்த்தது போல். முதல் படத்தைவிட இது நன்றாக வந்தது என்று எனக்கே தெரிந்தது.

இருட்டுக்கு அம்பரும் அல்ட்ராமரினும் மட்டும். அலிசரின் வேண்டிய ஒன்றிரண்டு இடத்தில் கடைசியாக, மேல்பூச்சாக, துளி அளவு. எண்ணெய் சேர்க்க வேண்டிய இடத்தில் இந்த வண்ணத்துக்கென்றே விற்கும் லின்சீட் ஆயிலைச் சேர்த்தேன். சாதா லின்சீட் ஆயிலும் கலக்கலாம், ஆனால் அளவு கூடக் கூடத் தண்ணீரில் கலக்கும் குணம் குறைந்துகொண்டே போகும், அப்புறம் பிரஷ் கழுவ டர்பன்டைனைத் தேடவேண்டி வரும். இருட்டு விரலில் ஒட்டாமல் ஆகி, அதற்கு மேலும் பத்து நாள் விட்டுத்தான் பூவில் கை வைத்தேன். டைட்டானியம் வெள்ளை மட்டும், கத்தியில், தண்ணீர் ஒரு சொட்டு இல்லை.

ஸ்ப்ரே பாட்டிலைத் துணி தேய்க்க அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மேஜையில் இரண்டு டப்பா தண்ணீர், ஒன்று அலச, ஒன்று கடைசியாக முக்க. பக்கத்தில் பழைய வேட்டித் துண்டு. அலசிய பிரஷ்ஷை வேட்டியில் சுற்றி, தகரம் இருக்கிற இடத்தை விரலால் அழுத்திப் பிழிந்தால் கடைசியாக ஒரு சொட்டு வரும் பாருங்கள், அந்தச் சொட்டுத்தான் முதல் படத்தைக் கெடுத்தது. அது வந்த பிறகுதான் அடுத்த நிறத்தைத் தொடுவேன். அவசரமென்றால் அலசுவதே இல்லை, துடைத்துவிட்டு அடுத்த பிரஷ்ஷை எடுப்பேன். பிரஷ்ஷைத் தண்ணீரில் நிற்க வைத்துவிட்டுப் போவதும் கிடையாது, கட்டை ஊறி வெடிக்கும், தகரம் துருப்பிடிக்கும்.

இரண்டு விஷயம் இங்கே சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் தண்ணீர் என்ற பேரைக் கேட்டதும் ஆபத்தில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணெய் வண்ணம் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் குவித்து வைக்காதீர்கள். காயும் எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடாகும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். நான் கொடியில் விரித்துக் காயவைத்த பிறகுதான் போடுகிறேன். அடுத்தது, வண்ணத் தூள் அதேதான். காட்மியமோ கோபால்ட்டோ எந்த எண்ணெயில் இருந்தாலும் காட்மியமும் கோபால்ட்டும்தான். அலசிய தண்ணீரை அப்படியே சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், சாப்பாட்டுத் தட்டைப் பேலட்டாக எடுக்கவும் வேண்டாம். நான் டப்பாவை இரண்டு நாள் தெளியவிட்டு, அடியில் படிந்த வண்டலைக் காகிதத்தில் துடைத்துத் தனியாகக் கட்டிப் போடுகிறேன்.

படம் மார்ச் கடைசியில் முடிந்தது. உடனே மலைக்கு ஏற்றவில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் என் அறையில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து நிறுத்தினேன். எங்கள் ஊர் வெயிலை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், அந்த இரண்டு மாதம் அதற்கு நன்றி சொன்னேன். ஜூனில் கொண்டுபோய் மாட்டினோம். பழைய இடத்தில் மாட்டாமல் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கீழே இரண்டு ரீப்பர் கட்டை வைத்துச் சுவருக்கும் கேன்வாஸுக்கும் நடுவில் காற்று போகும்படி. ஆளிவிதை எண்ணெய் இருட்டிலேயே கிடந்தால் மஞ்சளிக்கவும் செய்யும், பனியும் பூவும் நிறைந்த படத்துக்கு அது தாங்காது.

முதல் படம் இப்போது என் மொட்டை மாடி அறையில் இருக்கிறது. வெளிச்சத்தில் ஐந்து வாரம் வைத்ததும் அந்த நிழல் கூட இறுகிவிட்டது, ஈசல் இறகோடு. வகுப்புக்கு வருகிற பிள்ளைகளிடம் பஞ்சுக் குச்சியைக் கொடுத்து, பனியை ஒரு தடவை, சில்வர் ஓக் தண்டை ஒரு தடவை ஒற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் முதல் வாரம் ஏற்காட்டுக்குப் போனேன். காபிப் பழம் சிவந்து பறிப்பு நடந்துகொண்டிருந்தது, அக்காவுக்குப் பேச நேரமில்லை. காய்ந்த பஞ்சால் பனியை ஒற்றினேன், வெள்ளையாகவே வந்தது. அப்புறம் வார்னிஷுக்கான கரைப்பானில் பஞ்சை நனைத்து, சட்டம் மறைக்கிற ஓரத்தில், இருட்டிலும் பூவிலும் மெல்ல உருட்டினேன். நிறம் வந்தால் உள்ளே இன்னும் காயவில்லை என்று அர்த்தம், வார்னிஷ் போடக்கூடாது. வரவில்லை. வார்னிஷில் டர்பன்டைன் மாதிரி வாசனை உள்ள கரைப்பான் உண்டு, அதை மட்டும் தவிர்க்க முடியவில்லை. அதனால் படத்தைச் சேலத்துக்கு இறக்காமல், அங்கேயே வெராண்டாவில் படுக்க வைத்து, பனி ஏறுவதற்குள் காலை பதினொரு மணிக்கு ஒரே ஒரு மெல்லிய கோட் போட்டு முடித்தேன். அம்மா கீழே வீட்டில் இருந்தார்.